பிளிங்க் 2: மரபணுத் தரவுக்கு நான் முதலில் திறக்கும் கருவி

பிளிங்க் ஓர் இலவச மென்பொருள். ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான மனிதர்களின் மரபணு வேறுபாடுகளை வைத்துக்கொண்டு, எந்த வேறுபாடு எந்த நோயோடு சேர்ந்து வருகிறது, உயரத்தோடு எது, ரத்த அழுத்தத்தோடு எது என்று தேடுபவர்களுக்காக எழுதப்பட்டது. மெனு கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் வேலையை முடித்து, ஒரு லாக் ஃபைலை எழுதி வைத்துவிட்டு நின்றுவிடும். நான் புள்ளியியல் படித்துவிட்டு, மரபியல் ஆய்வுக் குழுவில் தரவைச் சுத்தம் செய்யும் வேலைக்கு வந்தவள். வேலை நேரத்தில் பாதி இந்தக் கறுப்புத் திரை முன்னால்தான் போகிறது. பழைய 1.9, புதிய 2.0 இரண்டையுமே பயன்படுத்துகிறேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் எதை எடுப்பது, எதற்கு எடுக்கக் கூடாது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் பிளிங்க் 2007-இல் ஷான் பர்செல்லும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. அன்றைய தரவுக்கு அது போதுமானதாக இருந்தது. அப்புறம் தரவு வளர்ந்துகொண்டே போனது, கருவி மூச்சு வாங்கத் தொடங்கியது. கிறிஸ்டோபர் சாங் அதன் உட்புறத்தையே மாற்றி எழுதி, 2015-இல் ஒரு கட்டுரையில் இரண்டாம் தலைமுறையாக அறிமுகப்படுத்தினார்; அதன் முதல் பதிப்புதான் 1.9. பெரும்பாலான வேலைகள் 10 மடங்கிலிருந்து 10,000 மடங்கு வரை வேகமாகின என்று அந்தக் கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். படிக்கும்போது மிகையாகத் தோன்றும். உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் நம்பலாம்.

மரபணுத்தொகுதியின் ஓர் இடத்தில் இரண்டு எழுத்து வடிவங்கள் மட்டும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் இருக்கக்கூடியது நான்கே நிலைகள்: இரண்டு பிரதியும் முதல் வடிவம், இரண்டும் இரண்டாம் வடிவம், ஒன்றுக்கொன்று மாறாக, அல்லது அளக்க முடியவில்லை. நான்கு நிலைகளுக்கு 2 பிட் போதும். அதனால் பிளிங்கின் 'பெட்' ஃபைலில் ஒரே பைட்டுக்குள் நான்கு பேர் அடங்கிவிடுகிறார்கள். கணினி ஒரே நேரத்தில் கையாளும் 64 பிட்டில் 32 பேர். அதில் எத்தனை பிட் ஒன்றாக இருக்கிறது என்று எண்ணுவதற்கு இன்றைய செயலிகளில் தனிக் கட்டளையே இருக்கிறது. ஒவ்வொருவராக எடுத்து எண்ணுவதற்குப் பதிலாகக் கூட்டமாக எண்ணுகிறது பிளிங்க். வேகத்தின் பெரும் பகுதி அங்கிருந்து வருகிறது.

இதன் அளவு புரிய ஓர் உதாரணம். பிரிட்டனின் பெரிய மரபணு, உடல்நலத் தரவகமான யுகே பயோபேங்க் 2018-இல் கட்டுரையாக விவரித்த தரவில் 4,88,377 பேர், மரபணுச் சிப்பில் அளந்த இடங்கள் சுமார் 8,05,000. பெட் வடிவத்தில் இது சுமார் 98 ஜிகாபைட். இதையே ஏ, ஜி என்று எழுத்தாக, நடுவில் இடைவெளி விட்டு எழுதினால் 1.5 டெராபைட்டைத் தாண்டும். ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் வைத்து வேலை செய்ய முடியுமா முடியாதா என்பதே இந்த 2 பிட்டில்தான் இருக்கிறது.

வேகத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு சோதனைக்கு இரண்டு நாள் ஆகுமென்றால் யாரும் அதை இரண்டாம் முறை ஓட்ட மாட்டார்கள். "சரி, வந்த விடை வந்ததுதான்" என்று அடுத்த படிக்குப் போய்விடுவார்கள். அதே சோதனை சில நிமிடங்களில் முடிந்தால், "இந்த வடிகட்டியைக் கொஞ்சம் இறுக்கினால் என்ன ஆகும்? அந்த ஒரு மையத்தின் சாம்பிள்களை விலக்கினால்?" என்று கேட்கத் தோன்றும். மரபணு ஆய்வில் பொய்யான கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டிருந்தாலே உதிர்ந்துவிடக்கூடியவை. பிளிங்கின் வேகம் புள்ளியியலுக்கு நேரடியாகத் தருவது இதைத்தான். என் மதிப்பீட்டில் அதற்கு முதல் மதிப்பெண் இங்கேதான்.

தரக் கட்டுப்பாட்டுக்கு வருவோம். நான் இந்தக் கருவியை அதிகம் நம்பியிருப்பது இந்த இடத்தில்தான். எத்தனை சதவீதம் அளவீடு விட்டுப்போனது, எக்ஸ் குரோமோசோம் சொல்லும் பாலினமும் படிவத்தில் எழுதிய பாலினமும் ஒத்துப்போகிறதா, ஹார்டி–வெயின்பெர்க் சமநிலை (வடிவங்களின் விகிதத்தை வைத்து எத்தனை பேரிடம் எந்த ஜோடி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு) குலைந்திருக்கிறதா, யாருக்கு யார் உறவு என எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரிக் கட்டளை இருக்கிறது.

பாலினச் சோதனையைச் சிலர் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். ஒரு கூட்டு ஆய்வில் எங்களுக்கு வந்த தரவில், படிவமும் எக்ஸ் குரோமோசோமும் முரண்பட்ட ஆட்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். பட்டியலைப் பார்த்தால் அத்தனை பேரும், சாம்பிள்களை வைக்கும் ஒரே 96 குழித் தட்டைச் சேர்ந்தவர்கள். அந்தத் தட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் முரண்பட்டார்கள். விசாரித்தபோது தட்டை 180 டிகிரி திருப்பி வைத்து ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. யோசித்துப் பாருங்கள்: முரண்படாத மீதிப் பாதியும் தவறான ஆட்களே. தற்செயலாகப் பாலினம் மட்டும் பொருந்தியிருக்கிறது. முரண்பட்டவர்களை மட்டும் நீக்கிவிட்டுப் போயிருந்தால், வேறொருவரின் நோய் விவரத்தைச் சுமந்துகொண்டு அந்தப் பாதி ஆய்வுக்குள் இருந்திருக்கும். பிளிங்க் தட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அது தருவது ஒரு எண்ணையும் ஓர் அடையாளப் பெயரையும் மட்டும். ஆனால் அந்தப் பட்டியல் உடனடியாகக் கைக்கு வந்ததால்தான் முரண்பாடுகளுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கைத் தேட எங்களுக்கு நேரம் இருந்தது.

இங்கே ஒரு நுணுக்கம். அளவீடு அதிகம் விட்டுப்போன ஆட்களை நீக்கும் கட்டளையின் பெயர் 'மைண்ட்', அதிகம் விட்டுப்போன இடங்களை நீக்குவது 'ஜீனோ'. இரண்டையும் ஒரே வரியில் எந்த வரிசையில் எழுதினாலும் பிளிங்க் தன் வரிசைப்படிதான் செய்யும்: முதலில் ஆட்கள், பிறகு இடங்கள். சிப்பில் மோசமான இடங்கள் நிறைய இருந்தால், அவற்றின் பாவத்துக்கு நல்ல சாம்பிள்கள் பலியாகும். அதனால் தளர்வான ஜீனோவைத் தனியாக முதலில் ஓட்டி, புது ஃபைல் எடுத்து, அதன்மேல் மைண்ட் ஓட்டுங்கள். ஆவணத்தில் இது தெளிவாக இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

ஹார்டி–வெயின்பெர்க் சோதனையிலும் 1.9-க்கும் 2.0-க்கும் நடத்தை மாறியிருக்கிறது. நோயாளிகள், நோயற்றவர்கள் என்று பிரித்த தரவில் 1.9 நோயற்றவர்களை வைத்து மட்டுமே வடிகட்டும். ஏனென்றால் நோயோடு நிஜமான தொடர்புள்ள இடத்தில் நோயாளிகளிடம் சமநிலை குலைந்திருக்கலாம், அதைப் பிழையென்று தூக்கி எறிந்துவிடக் கூடாது. 2.0 அந்தப் பிரிவினையைத் தானாகச் செய்யாது. நோயற்றவர்களை நாம்தான் தேர்ந்து கொடுக்க வேண்டும். பழைய ஸ்கிரிப்டில் நிரலின் பெயரை மட்டும் மாற்றி ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பதிலுக்கு 2.0-இல் நல்ல வசதி ஒன்று வந்திருக்கிறது. பல வம்சாவளியினர் கலந்த தரவில், கலப்பின் காரணமாகவே ஹெட்டிரோசைகோட்கள் (இரண்டு பிரதியும் வேறு வேறு வடிவமாக உள்ளவர்கள்) எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரியும். அந்தத் திசையில் தோற்ற இடங்களை விட்டுவைத்து, அதிகமாக வந்தவற்றை மட்டும் நீக்கச் சொல்லலாம். அளவீட்டுப் பிழைகளைப் பிடிக்க அதுவே நல்ல வலை.

உறவுக் கணக்கைப் பொறுத்தவரை 2.0-ஐத் தயங்காமல் எடுங்கள். கிங் என்ற முறையை உள்ளேயே வைத்திருக்கிறது. இந்த முறைக்கு மொத்த மக்கள்தொகையின் அல்லீல் விகிதம் (ஓர் இடத்தின் ஒவ்வொரு வடிவமும் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்ற அளவு) தேவையில்லை என்பதால், கலப்புத் தரவிலும் தடுமாறுவதில்லை. ஒரே ஆளின் இரண்டு சாம்பிள் அல்லது ஒரே கரு இரட்டையர் என்றால் உறவுக் குணகம் 0.5, பெற்றோர்–பிள்ளை அல்லது உடன்பிறப்பு என்றால் 0.25, அதற்கடுத்த உறவு 0.125 என்று எதிர்பார்க்கலாம். வெட்டுப்புள்ளி 0.177 கொடுத்தால் முதல்நிலை உறவுகள் பிரிந்துவிடும், 0.0884 என்றால் இரண்டாம் நிலையும் போகும். யுகே பயோபேங்க் அளவில் இதற்குப் பார்க்க வேண்டிய ஜோடிகள் சுமார் 11,900 கோடி. அதையும் நடைமுறையில் செய்து முடிக்கிறது.

மக்கள்தொகை அமைப்பைப் பற்றி, அதாவது தரவில் வெவ்வேறு வம்சாவளியினர் கலந்திருப்பதைப் பற்றிப் பேசாமல் இந்தத் துறையில் எதையும் மதிப்பிட முடியாது. 1994-இல் எரிக் லேண்டரும் நிக்கோலஸ் ஷோர்க்கும் ஓர் உதாரணம் கொடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் குச்சிகளால் சாப்பிடும் பழக்கத்துக்குக் காரணமான மரபணுவைத் தேடினால், நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவம் நிச்சயம் அகப்படும். அந்த வடிவம் ஆசிய வம்சாவளியினரிடம் அதிகம் இருப்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இராது. இதைச் சமாளிக்க முதன்மைக் கூறுகளை, அதாவது வம்சாவளி வேறுபாடுகளைச் சுருக்கிக் காட்டும் எண்களைக் கணக்கிட்டு, சோதனையில் கூடவே கணக்கில் எடுக்கும் இணைமாறிகளாகச் சேர்ப்பது 2006 முதல் நடைமுறை. 2.0-இல் தோராய முறையும் இருப்பதால் லட்சக்கணக்கான பேருக்கும் அந்தக் கூறுகள் கிடைக்கின்றன. ஆனால் தோராயமோ துல்லியமோ, உள்ளே என்ன கொடுக்கிறோம் என்பது நம் பொறுப்பு. ஒன்றோடொன்று ஒட்டிவரும் இடங்களை முதலில் கத்தரிக்க வேண்டும். ஆறாம் குரோமோசோமின் எச்.எல்.ஏ. பகுதியையும், எட்டாம் குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிக் கிடக்கும் பகுதியையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது, நான்காவது கூறு வம்சாவளியைக் காட்டாமல் அந்த ஒரு துண்டை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். எந்த இடத்தின் எடை எவ்வளவு என்று வரைந்து பார்த்தால் ஒரு கோபுரம்போல அங்கே நிற்கும். அந்தப் படத்தைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள் என்று புதியவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த குணம். 2.0 பிடிவாதம் பிடிக்கும். தொடர்புச் சோதனையை இணைமாறி எதுவும் கொடுக்காமல் ஓட்டினால், நிறுத்திவிட்டு, "இணைமாறி இல்லாமல் அனுமதி" என்ற பொருள்படும் சொல்லை நம் கையால் சேர்க்கச் சொல்லும். வயதின் வர்க்கத்தையும் 0.001 அளவிலான முதன்மைக் கூறுகளையும் சேர்த்துக் கொடுத்தால், அளவுகோல்கள் மிக வேறுபடுகின்றன, தரப்படுத்து என்று திருப்பி அனுப்பும். 50 பேருக்கும் குறைவான தரவிலிருந்து எடுத்த அல்லீல் விகிதத்தை நம்பி முதன்மைக் கூறு போன்ற கணக்கைச் செய்யச் சொன்னால் மறுக்கும். வற்புறுத்த வேண்டுமென்றால் "மோசமான விகிதங்கள்" என்று பெயர் வைத்த கொடியை, அதாவது கட்டளையோடு சேர்க்கும் கூடுதல் சொல்லைத் தட்ட வேண்டும். லாக் ஃபைலில் அது அப்படியே பதிவாகும். பிறகு அந்த லாக்கைப் படிக்கும் யாருக்கும், இந்த ஆய்வாளர் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார் என்பது விளங்கும். சிலருக்கு இது எரிச்சல். எனக்கு, இதை எழுதியவர் என் விடையின் தரத்தைப் பற்றி என்னளவுக்கே கவலைப்பட்டிருக்கிறார் என்ற எண்ணம்தான் வருகிறது.

அரிதான வேரியன்ட்களில், அதாவது அரிய மரபணு வேறுபாடுகளில், அந்தக் கவலை இன்னும் தெரிகிறது. ஒரு வடிவம் நோயாளிகள் சிலரிடம் மட்டும் இருந்து, நோயற்றவர்கள் ஒருவரிடமும் இல்லையென்றால் சாதாரண லாஜிஸ்டிக் கணக்கு முடிவிலிக்கு ஓடும். 2.0 அப்படிப்பட்ட இடங்களில் தானாகவே அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃபிர்த் திருத்தத்துக்கு மாறி, எந்த வரியில் மாறியது என்று ஒரு நெடுவரிசையில் குறித்தும் வைக்கிறது.

புதிய 'பி.ஜென்' வடிவமும் வரவேற்கத்தக்கது. அளக்காத இடங்களை ஊகித்து நிரப்பும்போது 0, 1, 2 என்று முழு எண் வராது, 1.3 போல வரும். பழைய பெட் வடிவத்தால் அதை வைத்துக்கொள்ள முடியாது, வட்டமாக்கித்தான் போட வேண்டும். அதில் தகவல் இழப்பு. பி.ஜென் அந்தப் பின்னத்தை வைத்துக்கொள்கிறது. எந்தப் பிரதி எந்தப் பெற்றோர் வரிசையில் வந்தது என்பதையும், மூன்று நான்கு வடிவங்கள் உள்ள இடங்களையும் வைத்துக்கொள்கிறது. மிக அரிதான இடங்களில் எல்லோரையும் எழுதாமல், வேறுபட்ட சிலரை மட்டும் பட்டியலிட்டு இடத்தை மிச்சப்படுத்துகிறது. ஊகித்து நிரப்பிய தரவில் 9 கோடிக்கு மேற்பட்ட இடங்கள் இருக்கும்போது, அவற்றில் பெரும்பாலானவை அரிதானவை என்பதால் இந்தச் சிக்கனம் பெரிய உதவி.

குறைகளுக்கு வருகிறேன். முதலில் அல்லீல் குழப்பம். 1.9 தரவைத் திறந்தவுடன், எந்த வடிவம் குறைவாக இருக்கிறதோ அதை ஏ1 என்று வைக்கும். குறிப்பு மரபணுத்தொகுதியில் எது இருந்தது என்ற தகவல் அதோடு தொலைந்துவிடும், வரிசையைக் காப்பாற்றச் சொல்லும் கொடியை ஒவ்வொரு கட்டளையிலும் சேர்த்தாலொழிய. இரண்டு தரவுத் தொகுப்புகளில் சிறுபான்மை வடிவம் வேறு வேறாக இருந்தால், ஒன்றில் அபாயம், மற்றொன்றில் பாதுகாப்பு என்று தலைகீழ் விடை வரும். 2.0 குறிப்பு வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கூட்டாய்வு செய்பவர்கள் 2.0-க்கு மாறிவிடலாம். ஆனாலும் ஏ–டி, சி–ஜி ஜோடி உள்ள இடங்களில் டி.என்.ஏ.யின் எந்த இழையில் படித்தார்கள் என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு எந்தப் பதிப்பிலும் மாயமந்திரம் இல்லை.

இரண்டாவது, −9. பழைய காலத்திலிருந்தே விட்டுப்போன மதிப்புக்கு அடையாளம் அதுதான். எடை மாற்றம்போல எதிர்ம எண் வரக்கூடிய ஒரு பண்பை ஆராய்ந்தால், சரியாக 9 கிலோ குறைந்தவர் சத்தமில்லாமல் காணாமல் போவார். நோய் நிலையை 0, 1 என்று எழுதினால் 0 விட்டுப்போனதாகவும், 1 நோயற்றவராகவும் படிக்கப்படும். 1, 2 என்றுதான் எழுத வேண்டும், அல்லது அதற்கான கொடியைக் கொடுக்க வேண்டும். இத்தனை விஷயங்களில் நம்மைத் தடுத்து நிறுத்தும் கருவி, இங்கே மட்டும் மரபை விடாமல் இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

தரவுத் தொகுப்புகளை இணைப்பதில் 2.0 நீண்ட காலம் அரைகுறையாகவே இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவது சரி, உண்மையான கலப்பு இணைப்புக்கு 1.9-ஐ நாட வேண்டியிருந்தது. பெயரில் பல ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருந்த 'ஆல்ஃபா' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் எந்தத் தேதியின் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்று கட்டுரையில் குறிப்பிடுங்கள், நடத்தை பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது.

பெரிய குறை என்று சொல்ல வேண்டுமென்றால், அது பிளிங்க் தொடாத வேலை. யுகே பயோபேங்கில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மூன்றாம் நிலைக்குள் ஓர் உறவினராவது அதே தரவில் இருக்கிறார். பிளிங்கின் தொடர்புச் சோதனை எல்லோரும் உறவற்றவர்கள் என்று எடுத்துக்கொள்ளும். உறவினர்களை நீக்கினால் சாம்பிள் வீணாகிறது, நீக்காவிட்டால், தற்செயலாகவே இப்படி விடை வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் பி மதிப்பு பொய் சொல்லும். இந்த நிலையில் நான் எடுப்பது 2021-இல் வந்த ரெஜெனி என்ற மென்பொருள். மரபணுத்தொகுதியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் ரிட்ஜ் ரிக்ரெஷன் செய்து, ஒருவரின் பண்பை அவருடைய மொத்த மரபணுப் பின்னணியிலிருந்து முதலில் கணிக்கிறது. அந்தக் கணிப்பைக் கழித்துவிட்டு ஒவ்வோர் இடமாகச் சோதிக்கிறது. சோதிக்கும் குரோமோசோமை மட்டும் கணிப்பில் சேர்க்காமல் விடுகிறது. பல பண்புகளை ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம். நோயாளிகள் 500, நோயற்றவர்கள் 5 லட்சம் என்ற ஏற்றத்தாழ்வில் சாதாரணத் தோராயம் உடைந்துபோகும் என்பதால், ஃபிர்த், சேடில் பாயின்ட் திருத்தங்களும் உள்ளே இருக்கின்றன. 2018-இல் வந்த செய்ஜும் இதே சிக்கலுக்காகவே உருவானது. நல்ல செய்தி, ரெஜெனி பி.ஜென் ஃபைலை அப்படியே படிக்கும். சுத்தம் செய்வது பிளிங்கில், சோதிப்பது ரெஜெனியில் என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் இரண்டுமே தன் பலத்தில் நிற்கின்றன.

பல இடங்களின் சிறு தாக்கங்களைக் கூட்டும் பாலிஜெனிக் மதிப்பெண் கணக்கிடவும் பிளிங்கில் ஒரு கட்டளை உண்டு. வேகமானது, சரியானது. ஆனால் அதன் எளிமையே எனக்குக் கவலை. ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவாக்கிய எடைகள், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் துல்லியத்தைப் பெருமளவு இழக்கின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 50 பேருக்குக் குறைந்தால் தடுக்கும் கருவி, வம்சாவளி பொருந்தாவிட்டால் தடுப்பதில்லை. அந்தக் கருவியால் தடுக்கவும் முடியாது. எண்ணை ஒரு நோயாளியின் கையில் கொடுப்பதற்கு முன் அந்தக் கேள்வியை மனிதர்கள்தான் கேட்டாக வேண்டும்.

படம் எதுவும் வரையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மான்ஹாட்டன் படம், க்யூ-க்யூ படம் எல்லாம் ஆர் அல்லது பைத்தானில்தான். பி மதிப்பில் 5×10⁻⁸ என்ற எல்லையைத் தாண்டிய இடங்களைக் கொத்தாகத் திரட்ட 'கிளம்ப்' கட்டளை இருக்கிறது. 1.9-இல் அதன் இயல்பு எல்லை 0.0001, ஒட்டுதல் அளவு 0.5, தூரம் 250 கிலோபேஸ். தனித்தனிச் சமிக்ஞைகள் எத்தனை என்று எண்ணுவதற்கு அது தளர்வு, நீங்களே மதிப்புகளைக் கொடுங்கள்.

பொதுக் கணினியில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: எதுவும் சொல்லாவிட்டால் பிளிங்க் கணினியின் நினைவகத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும், இருக்கும் கோர்களையும் எடுத்துக்கொள்ளும். நினைவக அளவையும் த்ரெட் எண்ணிக்கையையும் கட்டளையிலேயே கட்டுப்படுத்துங்கள், பக்கத்தில் வேலை செய்பவர்கள் வாழ்த்துவார்கள்.

என் மதிப்பெண் 5-க்கு 4.5. அந்த அரை, −9-க்கும் இணைப்பு வேலைக்கும் போனது. பழகிப் பார்க்க விரும்புபவர்கள் 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் தரவை எடுத்துக்கொள்ளுங்கள்: 26 மக்கள்தொகைகளிலிருந்து 2,504 பேர், 8 கோடிக்கு மேற்பட்ட வேரியன்ட்கள், எல்லோருக்கும் திறந்தது. பி.ஜென் வடிவிலேயே பிளிங்கின் தளத்தில் கிடைக்கிறது. 22-ஆம் குரோமோசோம் மட்டும் எடுத்தால் சாதாரண மடிக்கணினி போதும். முதலில் கத்தரிக்காமல் முதன்மைக் கூறுகளை எடுங்கள், அப்புறம் கத்தரித்துவிட்டு எடுங்கள், இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.